ஏழு அங்குல எதிரியும் பேசும் பீர் டின்னும்

அக்கா மகன் போன மாதம் போனில் கேட்டான். "மாமா, ஸ்பேஸ்ல நடக்கிற மிலிட்டரி கதை, ஆனா சிரிப்பா இருக்கணும். ஒண்ணு சொல்லுங்க." யோசிக்கத் தொடங்கும்போதே அடுத்ததையும் சேர்த்துக்கொண்டான். "ஆடியோவா இருக்கணும். யார் வாசிச்சதுன்னும் சொல்லிடுங்க, குரல் சரியில்லன்னா பத்து நிமிஷத்துக்கு மேல தாங்காது."

இந்த வகையில் எனக்கு முதல் புத்தகத்தைக் கொடுத்தவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, எப்பத் திருப்பித் தருவே?"

அவர் என் பழைய அலுவலகத்தில் மூத்தவர். பட்டாளத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் வாரம் ஒருமுறை குனிந்து தேடி, அட்டை கிழிந்த அமெரிக்கப் பாக்கெட் புத்தகங்களாக வாங்கி வருவார். மேஜையின் கீழ் இழுப்பறை அவருடைய நூலகம். எதையும் தானாகப் பரிந்துரைக்கமாட்டார்; மதியச் சாப்பாட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பார். என்னவென்று கேட்டால்தான் கொடுப்பார். ஹாரி ஹாரிசனின் 'பில், த கேலக்டிக் ஹீரோ' எனக்குக் கிடைத்தது அப்படி. முன்னட்டை இல்லை. யாரோ முகம் தெரியாத ஒருவர் பென்சிலால் ஓரங்களில் கோடு போட்டிருந்தார். எங்கே சிரிக்க வேண்டும் என்று அந்தக் கோடுகள் சொல்லிக்கொண்டே வந்தன.

1965-ல் வந்த நாவல் அது. அதன் முதல் வடிவம் 1964 டிசம்பர் 'கேலக்ஸி' இதழில் வெளியானது. இருநூறு பக்கத்தைத் தாண்டாது. பில் ஒரு கிராமத்துப் பையன். வயலில் இயந்திரக் கழுதையை ஓட்டிக்கொண்டிருக்கிறான். பாண்டு வாத்தியத்தோடு ஆள்சேர்ப்பு ஊர்வலம் வருகிறது. மருந்து கலந்த பானத்தைக் குடிக்கவைத்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அதோடு பையன் சாம்ராஜ்யத்தின் சிப்பாய். எதிரிகளான சிஞ்சர்கள் ஏழு அடி உயரப் பல்லிகள் என்று சுவரொட்டிகள் மிரட்டுகின்றன. உண்மையில் அவர்கள் உயரம் ஏழு அங்குலம். சண்டையில் பில்லின் இடக்கை போகிறது. படை மருத்துவமனையில் கையில் கிடைத்ததை ஒட்டவைக்க, செத்துப்போன சிநேகிதனின் வலக்கை அவனுக்கு வந்து சேர்கிறது. மிச்சக் காலம் முழுக்க இரண்டு வலக்கையோடு திரிகிறான். சல்யூட்டுக்குப் பஞ்சமில்லை.

கடைசிப் பக்கத்தை நான் சொல்லப்போவதில்லை. அதுவரை சிரித்துக்கொண்டே வந்தவன் அங்கே நிறுத்திவிட்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இந்தச் சிரிப்பின் காரம் எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. 1959-ல் ராபர்ட் ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' வந்தது. மறு ஆண்டு ஹியூகோ விருதும் பெற்றது. ராணுவ சேவை செய்தவனுக்கே வாக்குரிமை என்ற உலகத்தை அந்த நாவல் முகம் சுளிக்காமல் கட்டி நிறுத்தியது. ஹைன்லைன் கடற்படைக் கல்லூரியில் படித்து அதிகாரியானவர், காசநோயால் 1934-லேயே ஓய்வு பெற்றவர். படைமேல் அவருக்கு இருந்தது விட்டுப்போன காதல். ஹாரிசனோ இரண்டாம் உலகப் போரில் பதினெட்டு வயதில் அமெரிக்க வான்படைக்கு இழுக்கப்பட்டவர். துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிகளைப் பழுது பார்த்தார், பயிற்சி கொடுத்தார், சலிப்புத் தாங்காமல் எஸ்பெராண்டோ மொழியைக் கற்றுக்கொண்டார், படையைக் கடைசிவரை வெறுத்தார். ஹைன்லைனுக்கு அவர் எழுதிய பதில்தான் பில். காதலித்தவருக்கும் கட்டாயத் தாலி கட்டிக்கொண்டவருக்கும் நடந்த சண்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தலைமுறையில் இப்படிப்பட்டவர்கள் பலர். ஆங்கிலேயரான எரிக் ஃபிராங்க் ரஸ்ஸல் பிரிட்டிஷ் வான்படையில் இருந்தவர். 1955 மே மாத 'அஸ்டவுண்டிங்' இதழில் 'அல்லமகூசா' என்ற சிறுகதை எழுதினார். சிறுகதைக்கான முதல் ஹியூகோ அதற்குத்தான் போனது. கதையில் ஒரு குண்டுகூட வெடிப்பதில்லை. விண்கப்பலுக்கு ஒரு கறாரான அட்மிரல் சரக்குச் சரிபார்ப்புக்கு வருகிறார். கேப்டனும் ஆட்களும் முந்திக்கொண்டு பட்டியலை வைத்து ஒவ்வொரு சாமானாக எண்ணுகிறார்கள். எல்லாம் இருக்கிறது, ஒன்றைத் தவிர: 'ஆஃப்பாக் – 1'. அது என்ன என்று கப்பலில் எவருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல முடியுமா? அழகான ஒரு பெட்டி செய்து, விளக்கு மினுக்கும்படி வைத்து, அதுதான் ஆஃப்பாக் என்று காட்டிவிடுகிறார்கள். அட்மிரலும் தலையாட்டிவிட்டுப் போகிறார். பிறகுதான் பயம் பிடிக்கிறது. கப்பல் பூமிக்குப் போனால் நிபுணர்கள் பெட்டியைத் திறந்து பார்ப்பார்களே? ஈர்ப்பு விசை அழுத்தத்தில் ஆஃப்பாக் சிதறிவிட்டது என்று ஓர் அறிக்கை அனுப்பிக் கணக்கை முடிக்கிறார் கேப்டன். தலைமையகம் அலறுகிறது, விண்ணில் இருக்கும் கப்பல்களையெல்லாம் இறங்கச் சொல்கிறது. பட்டியலில் இருந்தது உண்மையில் 'அஃபிஷியல் டாக்' என்பதன் சுருக்கம். தட்டச்சுப் பிழையில் அது ஆஃப்பாக் ஆகிவிட்டது. அலுவல்முறை நாய் எப்படி ஈர்ப்பு விசையில் சிதறியது என்று விளக்கம் கேட்கிறார்கள். நாயோ இத்தனை நேரமும் கப்பலுக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதை இருந்த புத்தகத்தை ஸ்டோர்ஸ்காரரிடம் திருப்பிக் கொடுத்தபோது அவர் சிரிக்கவில்லை. "தம்பி, நீ இதைக் கதைன்னு படிச்சே" என்றார். ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்கு முதல் நாள் ராத்திரி பக்கத்து யூனிட்டிலிருந்து கடன் வாங்கி வந்து அடுக்கிய போர்வைகளின் கணக்கை அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று இந்தப் புத்தகங்களை வாசகனிடம் கொண்டுசேர்த்த வழிகள் குறைவு. 'அஸ்டவுண்டிங்'கில் பி. ஸ்கைலர் மில்லர் 1951 முதல் இருபது ஆண்டுக்கும் மேலாகப் புத்தகப் பகுதி எழுதினார். 'கேலக்ஸி'யில் அல்ஜிஸ் பட்ரிஸ் எழுதினார். ஒருவரே மாதாமாதம் படித்து, ஒருவரே சொல்வார். அவர் ரசனை உங்களுக்குப் பிடிபட்டுவிட்டால் திட்டுவதைக்கூட நம்பி வாங்கலாம். இங்கே நமக்கு அந்தப் பத்திரிகைகளும் கிடையாது. பிளாட்பாரத்தில் எது வந்து விழுகிறதோ அதுதான் பரிந்துரை. நாலாம் பாகம் கிடைக்கும், முதல் பாகம் கிடைக்காது.

இன்று போனைத் திறந்தால் போதும். 'இதைக் கேட்டவர்கள் இவற்றையும் கேட்டிருக்கிறார்கள்' என்று இருபது அட்டைகள் வரிசையாக நிற்கின்றன. நாலரை நட்சத்திரம், நாலே முக்கால் நட்சத்திரம். முதல் பாகம் முதலாவதாகவே இருக்கிறது. எத்தனை பேருக்குப் பிடித்தது என்று தெரிகிறது. ஏன் பிடித்தது என்பதைத்தான் தேட வேண்டியிருக்கிறது. பட்டாளத்தில் போர்வை எண்ணியவர் எந்த நட்சத்திரத்தைப் போட்டார் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

எழுதுகிறவர்களும் மாறிவிட்டார்கள். பிரிட்டனில் கட்டாய ராணுவ சேவையின் கடைசி ஆள் 1963-ல் வீடு திரும்பினார். அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு 1973-ல் நின்றது. அதற்குப் பிறகு வந்த கதைகளில் கசப்பு மெல்ல இறங்கியிருக்கிறது. 1990-ல் வந்த ராபர்ட் ஆஸ்பிரினின் 'ஃபூல்ஸ் கம்பெனி'யை நடுவழி என்பேன். எவரும் வேண்டாமென்று ஒதுக்கிய சிப்பாய்களுக்கு ஒரு கோடீஸ்வர இளைஞன் அதிகாரியாக வருகிறான். சொந்தப் பணத்தைக் கொட்டி அவர்களை மனிதர்களாக நடத்துகிறான். அவனுடைய வேலைக்காரர் அதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவைக்கிறார். பில்லுக்கு இப்படி ஓர் அதிகாரி கிடைத்திருந்தால் நாவலே இல்லை. சுகமான வாசிப்பு, பின்னால் வந்த பாகங்கள் அவ்வளவு வேண்டியதில்லை.

ஜான் ஸ்கால்ஸி ராணுவத்தில் இருந்தவர் அல்லர். 'ஓல்டு மேன்ஸ் வார்' நாவலை 2002-ல் தன் இணையதளத்தில் தொடராகப் போட்டார். அதைப் படித்த பதிப்பாசிரியர் ஒருவர் வாங்கிக்கொள்ள, 2005-ல் புத்தகமானது. அதில் எவரும் எவரையும் ஏமாற்றிச் சேர்ப்பதில்லை. எழுபத்தைந்து வயதானவர்கள் தாங்களாகவே கையெழுத்துப் போடுகிறார்கள். பழைய உடம்பைக் கொடுத்துவிட்டுப் புதிய உடம்பை வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் தூண்டில். மூட்டுவலிக்காரர்கள் பச்சைத் தோலும் இருபது வயதுத் தசையுமாக எழுந்து நிற்கும் அத்தியாயத்தில் சிரிப்பு தாராளமாக இருக்கிறது. அந்தச் சிரிப்பு மரணத்தைப் பார்த்து வருவது. படையைப் பார்த்து வருவது மிகக் கொஞ்சம்.

2016-க்கு வந்தால் அதுவும் போய்விடுகிறது. கிரெய்க் அலன்சன் ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே இரவுகளிலும் வார இறுதிகளிலும் எழுதியவர். எந்தப் பதிப்பகத்தையும் நம்பாமல் தானே மின்நூலாகப் போட்ட 'கொலம்பஸ் டே', அந்த ஆண்டே அவரை வேலையை விடவைத்தது. ஜோ பிஷப் என்ற அமெரிக்கச் சிப்பாய் விடுப்பில் ஊருக்கு வந்த நேரத்தில் வேற்றுக்கிரகத்தார் வந்திறங்குகிறார்கள். பார்க்க வெள்ளெலி போல இருப்பவர்கள். அவன் ஐஸ்கிரீம் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறான்; வண்டியில் குழந்தைகள் பாட்டு நிற்காமல் ஒலிக்க, ஒருவனைப் பிடித்துவிடுகிறான். பிறகு எங்கேயோ ஒரு கிரகத்தில், தூசி படிந்த கிடங்கில், பீர் டின் அளவுள்ள ஒரு பளபளப்பான உருளை அவனிடம் பேசுகிறது. பல லட்சம் ஆண்டு வயதான செயற்கை அறிவு அது. ஸ்கிப்பி என்று பெயர் வைக்கிறான். பதிலுக்கு அது மனிதகுலத்தையே குரங்குகள் என்று அழைக்கிறது. நம் வாசகர்களுக்கு 'என் இனிய இயந்திரா' நாவலின் இயந்திர நாய் ஜீனோ நினைவுக்கு வரலாம். ஜீனோவின் கிண்டலில் ஒரு நாயின் பிரியம் உண்டு. இந்த டின்னுக்குப் பிரியம் வர நாலைந்து பாகம் ஆகிறது.

பில்லை அடித்துத் திருத்திய அதிகாரியின் பெயர் டெத்விஷ் டிராங். மரண ஆசை என்பதே பெயரில் இருக்கும். ஜோவுக்கு மேலதிகாரிகள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களை எவரும் வெறுப்பதில்லை. எதிரியைப் பார்த்தும் மேலதிகாரியைப் பார்த்தும் சிரித்த காலம் போய், பக்கத்தில் இருக்கும் தோழனைப் பார்த்துச் சிரிக்கிற காலம் வந்திருக்கிறது. எனக்கு இதில் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பில்லைப் படித்து முடித்தவன் பட்டாளத்துக்கு விண்ணப்பம் போடமாட்டான். ஜோவைக் கேட்டு முடித்தவன் போட்டாலும் போடுவான்.

கேட்டு முடித்தவன் என்றுதான் சொல்ல வேண்டும். 'கொலம்பஸ் டே'யை உலகம் படித்ததைவிடக் கேட்டதுதான் பேச்சாகியது. வாசித்தவர் ஆர்.சி. ப்ரே. ஜோவுக்குத் தூக்கக் கலக்கமான சிப்பாய்க் குரல், ஸ்கிப்பிக்கு மூக்கால் பேசும் அகங்காரக் குரல். இரண்டும் ஒரே தொண்டை என்று நம்பவே நேரமாகும். இவரை அதற்கு முன்பே 'த மார்ஷியன்' ஒலிநூலில் கேட்டவர்கள், குரலைப் பின்தொடர்ந்துதான் இங்கே வந்தார்கள். என் காலத்தில் எழுத்தாளரைப் பின்தொடர்ந்தோம். அக்கா மகன் 'யார் வாசிச்சது' என்று கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஒலிநூலின் பிறப்பிலேயே போர் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. முதல் உலகப் போரில் கண் இழந்த பிரிட்டிஷ் வீரர்களுக்காகத்தான் அங்கே 'பேசும் புத்தகம்' உருவானது. 1916-ல் சோம் போர்க்களத்தில் பார்வை இழந்த இயன் ஃபிரேசர் அதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர். 1935-ல் வந்த முதல் நூல்களில் ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதை, மற்றொன்று கான்ராடின் கடல் கதை. இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு 25 நிமிடம். ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டு. போர் முடிந்து பதினேழு ஆண்டுக்குப் பிறகு, இருட்டில் உட்கார்ந்து, தட்டைத் தடவித் தடவித் திருப்பிப் போட்டுக் கேட்டிருப்பார்கள்.

பிறகு ஒலிநாடா வந்தது. 1975-ல் அமெரிக்காவில் 'புக்ஸ் ஆன் டேப்' தபால் வழியாக வாடகைக்கு அனுப்பத் தொடங்கியது. காரில் வெகுதூரம் வேலைக்குப் போகிறவர்கள் வாடிக்கையாளர்கள். 90 நிமிட நாடாவில் ஒன்பது மணி நேர நாவலுக்கு ஆறு நாடா வேண்டும். 1997-ல் ஆடிபிள் நிறுவனம் முதல் கையடக்கக் கருவியை விற்றது. அதன் கொள்ளளவு இரண்டு மணி நேரம். 'கொலம்பஸ் டே' பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஓடும், அதுவும் முதல் பாகம் மட்டும். தொடர் இப்போது பதினைந்து பாகங்களைத் தாண்டிவிட்டது. இடையில் 2019-ல் வந்த ஒரு பகுதி ஒலிநாடகமாகவே வெளியானது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கருவியைச் சுமந்தவர்களின் பிள்ளைகள், ஒரே போனில் நூற்றுக்கணக்கான மணி நேரம் வைத்திருக்கிறார்கள்.

நீளத்துக்குக் காரணம் இருக்கிறது. மாதச் சந்தாவுக்கு ஒரு புத்தகம் என்பது கணக்கு என்றால், ஐந்து மணி நேரப் புத்தகத்தை எவர் தேர்ந்தெடுப்பார்? எடைக்கு எடை பார்த்து வாங்குகிறார்கள். ஸ்கிப்பியும் ஜோவும் பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய சண்டையை அரை மணி நேரம் போடுவதும், வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது தோழமையாகப் படுவதும் இதனால்தான். என் கணக்கில் ஏழாவது பாகத்திலிருந்து கத்தரிக்கோல் வேண்டும். ஆனால் எல்லாரும் நீட்டிவிடவில்லை. மார்த்தா வெல்ஸின் 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' 2017-ல் வந்தது, கெவின் ஆர். ஃப்ரீ வாசிக்க, மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியைத் தானே முடக்கிவிட்ட ஒரு காவல் இயந்திரம், கொலை செய்யக் கிடைத்த சுதந்திரத்தை வைத்துக்கொண்டு சீரியல் பார்க்கிறது. மனிதர்கள் பேச வந்தால் கூச்சப்பட்டுச் சுவரைப் பார்க்கிறது. ஹாரிசனின் சிக்கனம் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இது சாட்சி.

காது வேறு, கண் வேறு என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஸ்கால்ஸியின் 'ரெட்ஷர்ட்ஸ்'. 2012-ல் வந்து மறு ஆண்டு ஹியூகோ வாங்கிய நாவல். விண்கப்பலில் கடைநிலைச் சிப்பாய்கள் மட்டும் ஏன் ஒவ்வொரு பயணத்திலும் சாகிறார்கள் என்று அவர்களே துப்புத் துலக்குவது கதை. 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரைக் கேலி செய்யும் இந்தக் கதையை, அதே 'ஸ்டார் டிரெக்'கில் சிறுவனாக நடித்த வில் வீட்டன் வாசித்திருக்கிறார். அதிலேயே பாதிச் சிரிப்பு. ஆனால் உரையாடலுக்கு உரையாடல் 'என்றான்', 'என்றாள்' என்று வருகிறது. படிக்கும்போது கண் அதைத் தாண்டிப் போய்விடும். காதில் அது ஆணி அடிப்பதுபோல விழுகிறது. கேட்டவர்கள் பலரும் முணுமுணுத்தார்கள். ஒலிநூலைக் கேட்டபின் தன் உரையாடல் எழுதும் முறையையே மாற்றிக்கொண்டதாக ஸ்கால்ஸி சொல்லியிருக்கிறார். அச்சுக்கு எழுதியவர் காதுக்கு எழுதப் பழகிவிட்டார்.

நகைச்சுவையில் இது பெரிய மாற்றம். பில்லைப் படித்தபோது எங்கே நிற்பது என்பது என் கையில் இருந்தது. ஏழு அடி ஏழு அங்குலமான இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு முறை அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தேன். ப்ரேயோ எனக்காகக் காத்திருப்பதில்லை. நான் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். ஆனால் எந்தச் சொல்லை அழுத்த வேண்டும், எங்கே அரை விநாடி மூச்சு விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. அமெரிக்கச் சார்ஜெண்டின் வசவு ஆங்கிலத்தை மனசுக்குள் நான் ஓட்டிப் பார்த்தது என் பள்ளிக்கூட வாத்தியார் குரலில்.

இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 'த மார்ஷியன்' நாவலுக்கு ப்ரே கொடுத்த குரல் 2013-ல் வந்தது. 2020-ல் அதே நாவல் வீட்டன் குரலில் புதிதாக வந்தது. பழையது விற்பனையிலிருந்து போய்விட்டது. முன்பே வாங்கியவர்களிடம் இருக்கிறது. அவர்கள் அதை எவருக்கும் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது. பென்சில் கோடுகளும் இல்லை. ஸ்டோர்ஸ்காரர் காலமாகிப் பல வருடமாகிறது. அட்டையில்லாத பில் என்னிடம்தான் நின்றுவிட்டது. எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்டவருக்கு நான் சொன்ன பதில் 'அடுத்த வாரம்'.

அக்கா மகனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். பயணத்தில் இருப்பவர் என்றால் 'கொலம்பஸ் டே', ப்ரே குரலில்; ஆறு பாகம்வரை கேட்டுவிட்டு நிறுத்திப் பாருங்கள். மூன்று மணி நேரம்தான் இருக்கிறது என்றால் 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்'. 'ரெட்ஷர்ட்ஸ்' எப்படியானாலும் சரி. 'அல்லமகூசா'வையும் பில்லையும் மட்டும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்; கையில் வைத்துப் படியுங்கள். பில் கிடைக்கவில்லை என்றால் என்னிடம் கேளுங்கள், ஒரு பிரதி இருக்கிறது. எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்பேன்.